மழை வருது… பழைய காரின் டயரைப் பார்த்தீங்களா?

அக்டோபர் மாத மாலை. அலுவலகம் விட்டு வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். பின் சீட்டில் பிள்ளைகள். பகலெல்லாம் வெயில்; இப்போதுதான் தூறல் ஆரம்பித்திருக்கிறது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு எரிகிறது. நீங்களும் பிரேக்கை அழுத்துகிறீர்கள். வழக்கமாக நிற்கிற இடத்தில் கார் நிற்கவில்லை. சர்ரென்று வழுக்கிக்கொண்டே போய், முன் வண்டியின் பம்பருக்கு ஒரு சாண் இடைவெளியில் நிற்கிறது. நெஞ்சு படபடக்க, “பிரேக் பிடிக்கலையே” என்கிறீர்கள்.

பெரும்பாலும் அது பிரேக்கின் தப்பு இல்லீங்க. பிரேக் சக்கரத்தை நிறுத்திவிட்டது. ஆனால் சக்கரத்தால் சாலையைப் பிடிக்க முடியவில்லை. அந்தப் பிடிமானத்தைத் தருவது டயர்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். பத்து, பதினைந்து வருடமான ஒரு காரை நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்றால், இந்த மூன்று மாதத்துக்கு முன்பு டயருக்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறோம்.

சாலையைத் தொடுவது நாலு உள்ளங்கை அளவுதான்

முழுக் காரும் சாலையில் நிற்கிற மாதிரி தெரிந்தாலும், ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நாலு டயருக்கும் நாலு உள்ளங்கை. வண்டியைக் கிளப்புவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாமே அந்த இடத்தில்தான் நடக்கிறது.

காய்ந்த சாலையில் ரப்பர் நேராகத் தார்ச்சாலையைக் கவ்விக்கொள்கிறது. மழை பெய்தால் இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் வந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரை வெளியேற்றுவதற்காகத்தான் டயரில் பள்ளங்கள் இருக்கின்றன. நம்ம ஊர் பஞ்சர் கடையில் ‘பட்டன்’ என்கிறார்களே, அந்தப் பட்டன்களுக்கு இடையில் உள்ள பள்ளம்தான் மழைநீருக்கு வாய்க்கால். பட்டன் தேய்ந்தால் வாய்க்கால் தூர்ந்த மாதிரி. தண்ணீர் போக வழியில்லாமல் டயருக்கு அடியிலேயே தங்கிவிடும்.

பல நாள் வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் மழையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாலையில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, தேய்ந்த ரப்பர் துகள் எல்லாம் தூறலில் கலந்து வழுவழுவென்று ஆகிவிடும். நல்ல மழை பெய்து கழுவிவிடும் வரை சாலை வழுக்கும். ‘லேசான தூறல்தானே’ என்று அலட்சியமாக இருப்பது தப்பு.

பழைய காருக்கு ஏன் கூடுதல் கவனம்?

அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது ஏ.பி.எஸ். என்ற அமைப்பு. நம் நாட்டில் விற்கும் புதிய கார்கள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல்தான் அது கட்டாயமானது. அதற்கு முன்பு வந்த பல கார்களில், குறிப்பாக விலை குறைந்த மாடல்களில், அது கிடையாது. அப்படிப்பட்ட காரில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகவே வழுக்கிப் போகும். நம்மைக் காப்பாற்ற மின்னணு உதவி எதுவும் இல்லை. டயரும் நம் நிதானமும்தான் உதவி.

இன்னொரு விஷயம். பழைய காரை நிறையப் பேர் தினமும் எடுப்பதில்லை. கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஊருக்கு என்று மாதம் இரண்டு முறை ஓடும். பட்டன் தேய்ந்திருக்காது, பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைக் கவ்வாது. ‘டயர் நல்லாத்தானே இருக்கு’ என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

கார் தண்ணீரில் மிதக்குமா?

மிதக்கும். சாலையில் தேங்கிய தண்ணீரின் மேல் வேகமாகப் போகும்போது, டயர் அதை வெளியேற்றி முடிப்பதற்குள் தண்ணீர் ஒரு மெத்தை போல டயரைத் தூக்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். என்ஜின் சத்தம் கூடலாம். திருப்பினாலும் பிரேக் அடித்தாலும் கார் கேட்காது.

இது எந்த வேகத்தில் தொடங்கும்? 1960-களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களைச் சோதித்து ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். தண்ணீரின் ஆழம் டயரின் பள்ளத்தை மிஞ்சிவிட்டால், மிதக்கத் தொடங்கும் வேகத்தை டயரின் காற்றழுத்தம் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்குப்படி 30 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் மணிக்கு சுமார் 91 கிலோமீட்டர். அதே டயரில் 22 பி.எஸ்.ஐ. மட்டும் இருந்தால் சுமார் 78 கிலோமீட்டர். டயரின் அகலத்தையும் தேய்மானத்தையும் பொறுத்து, காரில் இதைவிடக் குறைந்த வேகத்திலும் இது நடக்கலாம்.

இதிலிருந்து இரண்டு பாடம். பள்ளம் ஆழமாக இருந்தால், கொஞ்சம் தண்ணீர் தேங்கினாலும் டயர் சமாளிக்கும். காற்று சரியாக இருந்தால், மிதக்கிற ஆபத்து தள்ளிப்போகும்.

வீட்டு வாசலில் பத்து நிமிடம்

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, கையில் போனை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. பட்டன் ஆழம்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு குறுக்கே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, டயரின் ஓரத்தில் சிறு முக்கோணமோ ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்தைப் பாருங்கள். மேடும் பட்டனும் சம உயரத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

அளந்தே பார்க்கலாம். ஒரு தீக்குச்சியைப் பள்ளத்துக்குள், மேடு இல்லாத இடத்தில், செங்குத்தாக நிறுத்துங்கள். பட்டன் முடிகிற இடத்தில் நகத்தால் அடையாளம் வைத்து எடுத்து, பிள்ளைகளின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 என்பது சட்டத்தின் எல்லை. மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றத் திட்டமிடுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் அளக்காமல் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளங்கள். உள்பக்கத் தேய்மானம் நம் கண்ணுக்கே தெரியாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் முன் டயரின் உள்பக்கம் தெரியும். பின் டயருக்குப் போனை உள்ளே நீட்டி, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

2. டயரின் வயது

டயரின் பக்கச்சுவரில் நீளமான ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசி நாலு எண்கள்தான் தயாரான தேதி. உதாரணமாக 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம். வெளிப்பக்கம் எண் இல்லை என்றால் உள்பக்கத்தில் இருக்கும். இதற்கும் போன் கேமராதான் உதவி.

ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு முறை டயர் கடையில் காட்டிப் பரிசோதிப்பது நல்லது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டவே வேண்டாம். பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்போ புடைப்போ தெரிந்தால் வயதைப் பார்க்காமல் உடனே கடைக்குக் கொண்டு போங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இந்த நாலு எண்களைத்தான்.

3. காற்று

எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவின் உட்பகுதியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். இல்லையென்றால் காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பங்க்கில் “எவ்வளவு வைக்கணும் சார்?” என்று கேட்கும்போது குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை.

டயர் சூடாகாமல் இருக்கும்போது, அதாவது காலையில் முதலில் எடுக்கும்போது அளப்பதுதான் சரி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். கொட்டும் மழையில் ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்றால் பாடு திண்டாட்டம்தான்.

4. தேய்மானம் சொல்லும் செய்தி

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் கோளாறு. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதேபோலத் தேயும். அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்துபோனால் மேடு பள்ளத்தில் டயர் குதிக்கும். குதிக்கிற நேரத்தில் பிடிமானம் இருக்காது.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் எங்கே போடுவது?

நாலும் மாற்றுவதுதான் நல்லது. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடியாது. இரண்டு மட்டும் வாங்கினால், புதுசை முன்னால் போடுவதுதான் நம் வழக்கம். ‘என்ஜின் முன்னாடிதானே இருக்கு, ஸ்டீயரிங்கும் முன்னாடிதானே’ என்பது காரணம். ஆனால் டயர் நிறுவனங்களின் பொதுவான அறிவுரை வேறு: பட்டன் அதிகமுள்ள டயர்கள் பின்னால் இருக்க வேண்டும்.

ஏன்? முன் டயர் வழுக்கினால் கார் திரும்பாமல் நேராகப் போகும். காலை எடுத்து வேகம் குறைந்ததும் பிடிமானம் திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் காரின் பின்பக்கம் சுழன்று வண்டியே குறுக்கே திரும்பிவிடும். அதைச் சமாளிப்பது அனுபவசாலி டிரைவருக்கே கஷ்டம். முன்சக்கரம் இழுக்கும் காரானாலும், அம்பாசடர், ஆம்னி போல பின்சக்கரம் தள்ளும் வண்டியானாலும் இதே விதிதான். ஆனால் முன் டயரும் சட்ட எல்லையைத் தாண்டித் தேய்ந்திருக்கக் கூடாது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே மாடல் டயர் இருக்கட்டும்.

இதெல்லாம் செய்யாதீங்க

• ‘காற்றைக் குறைத்தால் கிரிப் கூடும்’ என்பார்கள். மணலில் மாட்டிக்கொண்ட வண்டிக்கு அது உதவலாம். மழைச் சாலைக்கு அது ஆபத்து. மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்.

• தேய்ந்த கார் டயரில் கத்தியால் பள்ளம் வெட்டித் தருபவர்களிடம் போகாதீர்கள். ரப்பர் மெலிந்து ஓடும்போதே வெடிக்கலாம்.

• பார்வைக்கு அழகாக இருக்கும் என்று கம்பெனி சொன்ன அளவைவிட மிக அகலமான டயர் போடாதீர்கள். அகலம் கூடினால் தண்ணீரில் மிதக்கிற ஆபத்தும் கூடும்.

• டயர் பளபளக்கத் தடவும் பாலிஷை, தரையில் படும் பகுதியில் தடவாதீர்கள். பக்கச்சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது: வேகம்தான் எல்லாம்

டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஈரச் சாலையில் பிடிமானம் குறையத்தான் செய்யும். ஒரு கணக்குப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற கார், காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் எடுக்கும். ஈரச் சாலையில், டயரும் சுமாராக இருந்தால், அதுவே 35 மீட்டர் ஆகும். அதே ஈரத்தில் 80 கிலோமீட்டரில் போனால் 60 மீட்டரைத் தாண்டிவிடும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஆகும் ஒரு நொடியை இதில் சேர்க்கவில்லை. 60-ல் போகும்போது அந்த ஒரு நொடியில் கார் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

ஆகவே முன் வண்டிக்கும் உங்களுக்கும் நாலு நொடி இடைவெளி விடுங்கள். முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக் அடிக்காதீர்கள். ஏ.பி.எஸ். இல்லாத காரில் பிரேக்கை ஒரேயடியாக அமுக்காமல் படிப்படியாக அழுத்துங்கள். சக்கரம் பூட்டி வழுக்கத் தொடங்கினால் காலைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி அழுத்துங்கள்.

கார் தண்ணீரில் மிதக்கிறது என்று தோன்றினால் ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். சடாரென்று பிரேக் வேண்டாம். வெடுக்கென்று திருப்பவும் வேண்டாம். வேகம் குறைந்ததும் டயர் மறுபடி சாலையைத் தொடும்.

தேங்கிய தண்ணீரைக் கடந்து வெளியே வந்ததும், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகப் போகும்போதே பிரேக்கை லேசாக இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். நனைந்த பிரேக் காயும். எவ்வளவு ஆழம் என்று தெரியாத சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். எந்த டயரும் அங்கே காப்பாற்றாது.

ஊட்டி, கொடைக்கானல் போறீங்களா?

மலைப்பாதையில் இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில், பெரும்பாலும் இரண்டில், இறங்குங்கள். பிரேக்கையே நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். நியூட்ரலில் விடவே கூடாது. கல்லட்டி மலைப்பாதையைப் போல அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இடங்களில் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் உள்ளூர் டிரைவர்களே வண்டியை ஓரங்கட்டிக் காத்திருப்பார்கள். நாமும் காத்திருக்கலாம், அதில் வெட்கம் இல்லை.

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் உறைபனி விழும். வெயில் படாத வளைவுகளில் சாலை ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கும். வெயில் ஏறிய பிறகு கிளம்புவது நல்லது.

உங்கள் போனில் இருக்கும் சேவைகள்

• எம்பரிவாகன் செயலி: ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று எதுவரை செல்லும் என்று பார்க்கலாம். சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-இல், பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருக்கும். மொட்டை டயரோடு போய்த் திரும்பி வர வேண்டாம்.

• வானிலை எச்சரிக்கை: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ‘மௌசம்’, தமிழ்நாடு அரசின் ‘டி.என். அலர்ட்’ செயலிகள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

• சாலைப் பள்ளம், தேங்கிய நீர்: மாநில நெடுஞ்சாலைத் துறை சாலைகளில் உள்ள பள்ளங்களை ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு பதிவு செய்யலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. சென்னை மாநகராட்சிப் பகுதிக்கு 1913. படம் எடுப்பதும் அழைப்பதும் வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகுதான்.

• அவசர உதவி: 112, ஆம்புலன்சுக்கு 108. மழை, வெள்ளப் பாதிப்புக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

• விபத்து நேர்ந்தால்: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் விபத்தில் சிக்குபவர்களுக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

இந்தக் கடைசி இரண்டும் உங்களுக்குத் தேவைப்படாமலே இருக்கட்டும். அதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம்.

கார் பழசாக இருக்கலாம், அதில் தப்பில்லை. அப்பா வாங்கிய கார், சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய முதல் கார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். ஆனால் டயர் பழசாக இருக்கக் கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காரைத் துடைக்கும்போது ஒரு தீக்குச்சியும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்க. பின் சீட்டில் உட்காரப் போகிற பிள்ளையையே அளக்கச் சொல்லுங்க. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்குக் கீழே வந்தால், மழைக்கு முன்னாலேயே டயர் கடைக்குப் போய்விடுங்கள்.